அப்பாவின் பதினாறாம் நாள்

என் அப்பாவுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதாக இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலைக் காணவில்லை. தஞ்சோங் பூங்கா கடற்கரையில் போய் இறங்கினோம். மணல் இருந்தது, அதற்கப்புறம் சேறு இருந்தது. கடல் வெகு தூரத்தில் தன் சொந்த வேலையாகப் போயிருந்தது. பினாங்குத் தீவில் வளர்ந்தவர்கள் நீர் ஏறும் நேரம், வற்றும் நேரம் பார்க்காமல் கடலில் இறங்க மாட்டார்கள். ஞானஸ்நானம் கொடுக்க வந்த பாஸ்டரோ கூலிம் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அவருக்கு ஆறு தெரியும், குட்டை தெரியும். கடல் எப்போதும் அங்கேயேதான் இருக்கும் என்று நம்பி நாள் குறித்துவிட்டார். நாங்களாவது சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

அப்பாவும் பாஸ்டரும் சேற்றில் நடக்க ஆரம்பித்தார்கள். துண்டைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். என் செருப்பில் ஒன்றைச் சேறு வாங்கிக்கொண்டது. நடந்து நடந்து ஒருவழியாகத் தண்ணீர் முழங்கால் வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வருவதாகத் தெரியவில்லை. அவர்கள் சபையில் தலையில் தண்ணீர் தெளித்தால் போதாது. ஆள் முழுசாக முங்கி எழ வேண்டும். முங்குவது சாவு, எழுவது புது வாழ்வு என்று பாஸ்டர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது விளக்கியிருந்தார். முழங்கால் தண்ணீரில் ஒருவரை முங்க வைக்க வேண்டுமானால் படுக்கத்தான் வைக்க வேண்டும்.

படுக்க வைத்தார். தலை முங்கியது, கால் முங்கியது, வயிறு மட்டும் மேலே நின்றது. அப்பா லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த வயிற்றை வளர்த்ததில் சோற்றின் பங்கு கொஞ்சம்தான், மற்றதெல்லாம் பீர். நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். வெளியே போகிற சாமானில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வயிறு தேறவில்லை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. பாஸ்டருக்கும் தெரிந்தது. எங்கள் வீட்டுக்குள் பாவம் என்று எது வந்திருந்தாலும் அந்த வயிற்றின் வழியாகத்தான் வந்தது. அதை விட்டுவிட்டு மற்றதைக் கழுவி என்ன பிரயோஜனம்? இரண்டாம் தடவையும் அதேதான் நடந்தது. மூன்றாம் தடவை பாஸ்டர் ஒரு கையால் நெஞ்சையும் இன்னொரு கையால் வயிற்றையும் சேர்த்து அமுக்கினார். அப்பா திணறிக்கொண்டு எழுந்தார். மீசையெல்லாம் சேறு. அழுதுகொண்டிருந்தார். கண்ணில் சேறு போயிருக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் பார்த்தால் நானும் துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதை நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மா கரையில் ஒரு மரத்தடியில் தைலப் புட்டியோடும் காப்பி பிளாஸ்கோடும் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை தவறாமல் குயின் ஸ்ட்ரீட் அம்மன் கோயிலுக்குப் போகிறவள். ஞானஸ்நானத்துக்கு வந்ததற்கு அவள் சொன்ன காரணம், கடல் தண்ணியில் நனைந்தால் சளி பிடிக்கும், தைலம் கொண்டுபோக ஆள் வேண்டும் என்பது. அதையும் அவள் அப்பாவிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னாள். அம்மா அப்பாவிடம் நேராக ஒரு வார்த்தை பேசி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

காரணம் ஒரு ஸ்டவுட் பாட்டில்.

அம்மாவின் அப்பா, என் தாத்தா, புக்கிட் மெர்தாஜாமில் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாட்டில் ஸ்டவுட், அந்தக் கறுப்பு பீர், குடிப்பார். ஒரே ஒரு பாட்டில்தான், யாருக்கும் தொந்தரவு இல்லை. அவர் இறந்து பதினாறாம் நாள் காரியத்துக்குப் படையல் போட்டார்கள். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் பரிமாறி, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பது வழக்கம். அவர் வந்து சாப்பிட்டுப் போகட்டும் என்று கொஞ்ச நேரம் விடுவோம். அன்றைக்கும் விட்டோம். கதவைத் திறந்தபோது ஸ்டவுட் பாட்டில் காலியாக இருந்தது. தாத்தா வந்துவிட்டார் என்று ஒரு அத்தை அலறினாள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தாத்தா வந்ததற்கான வாசனை அப்பாவின் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அம்மா கேட்டதற்கு அப்பா, "எனக்கென்ன தெரியும், ஒந்தம்பி குடிச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டார். மாமா காப்பியே ஸ்ட்ராங்காகக் குடிக்க மாட்டார். ஆனாலும் ஒரு பேச்சு கிளம்பினால் கிளம்பினதுதான், சொந்தக்காரர்களில் பாதிப் பேர் மாமாவை ஒரு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். அம்மாவுக்குப் பாட்டில் பெரிசில்லை. அவளுடைய அப்பா கடைசித் தடவையாக வீட்டுக்கு வந்து, காலிப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, தாகத்தோடு திரும்பிப் போய்விட்டார் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அன்றோடு அப்பாவிடம் பேச்சை நிறுத்தினாள்.

இரண்டு அறை ஃபிளாட்டில் பேசாமல் குடும்பம் நடத்துவது ஒரு வித்தை. எல்லாம் என் வழியாகத்தான் போகும். சோறு ஆறிப்போகுது என்று ஒங்கப்பாகிட்டச் சொல்லு என்பாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். நான் திரும்பி, சோறு ஆறிப்போகுதாம் என்பேன். அதற்குப் பிறகுதான் அவர் எழுந்திருப்பார். நான் நைட் ஷிஃப்ட் போன நாட்களில் அம்மா ஃபிரிட்ஜிடம் பேசினாள் என்று பிற்பாடு தெரிந்தது. மாத்திரை மேல் தட்டில் இருக்கிறது என்று ஃபிரிட்ஜிடம் சொல்லுவாள், அப்பா எடுத்துப் போட்டுக்கொள்ளுவார். எனக்குக் கல்யாணம் ஆகாமலிருப்பதற்குப் பல காரணம் சொல்லுவார்கள். நான் போய்விட்டால் இந்தத் தபாலை யார் பார்ப்பது என்பதும் அதில் ஒன்று.

அப்பா குடியை விட்டது போன வருஷம். ஈரல் கெட்டுப்போய் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, கூட லாரி ஓட்டிய பழைய நண்பர் ஒருவர் பாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வீடு திரும்பியதிலிருந்து அப்பா ஒரு கடை மாடியில் நடக்கும் அந்தச் சபைக்குப் போனார். அம்மா நம்பவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் நிறுத்தினவர்தானே என்றாள். ஆனால் தீபாவளி வந்து போனது, அப்புறம் சீனப் பெருநாளும் வந்து போனது. அப்பா மைலோ குடித்துக்கொண்டிருந்தார்.

கரைக்கு வந்ததும் பாஸ்டர் ஈரச் சட்டையோடு அம்மாவுக்கு முன்னால் நின்றார். முகமெல்லாம் சந்தோஷம். "அக்கா, பழைய மனுஷன் இன்னைக்குச் செத்துட்டாரு. தண்ணியில அடக்கம் பண்ணியாச்சு. இப்ப வந்திருக்கறவரு புது மனுஷன். அந்தப் பாவத்துக்கும் இவருக்கும் இனி சம்பந்தமில்ல."

"செத்துட்டாரா?" என்று அம்மா கேட்டாள்.

"செத்துட்டாரு, அக்கா."

"முழுசாவா?"

"முழுசா" என்றார் பாஸ்டர்.

அம்மா தலையை ஆட்டிவிட்டு, தைலத்தை என்னிடம் கொடுத்தாள். வீட்டுக்குள் வந்து, அப்பா குளிக்கப் போன பிறகு சொன்னாள்: "பதினாறு செய்யணும்." யாருக்கு என்று கேட்டேன். "ஒங்கப்பாவுக்கு. செத்துட்டாருன்னு பாஸ்டரே சொல்றாரு. இத்தனை வருஷம் கூடக் குடும்பம் நடத்திட்டு, காரியம் செய்யாம விட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாடவில்லை. அப்படியென்றால் தாலி என்ன ஆவது என்று கேட்டேன். "அது புது ஆளு விஷயம். இன்னும் முடிவு பண்ணல" என்றாள்.

முடிவு எதைப் பற்றி என்பதும் அன்றைக்கே தெரிந்துவிட்டது. புக்கிட் மெர்தாஜாமில் மாமா வீட்டு மேல் அறை காலியாக இருந்தது. வந்து இருக்கச் சொல்லி அவர் அம்மாவை வருஷக்கணக்காகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். காரியத்துக்கு மாமா வருவார், அவரோடு போவதா இங்கேயே இருப்பதா என்று அன்றைக்குச் சொல்கிறேன் என்றாள். அலமாரி மேலிருந்த நீலப் பையை இறக்கிச் சேலைகளை அடுக்கி வாசல் பக்கம் வைத்துவிட்டாள். அந்தப் பையைத் தாண்டித்தான் அப்பா ஜெபக் கூட்டத்துக்குப் போய் வந்தார். ஒவ்வொரு தடவையும் ஜிப்பைப் பார்ப்பார். பை என்ன ஆகும் என்று என்னிடம் ஒரு நாள் கேட்டார். அம்மாவிடம் கேட்டுச் சொல்லவா என்றேன். வேண்டாம் என்றார்.

எனக்கு அவர் மேல் பாவமாகவும் இருந்தது, கோபமும் இருந்தது. கோபம்தான் கூட. சேற்றுத் தண்ணீரில் மூன்று முறை முங்கினார், அவருடையது எல்லாம் கழுவிப் போச்சு. எங்கள் மேல் ஒட்டினது எங்கே போகும் என்று யாரும் சொல்லவில்லை. பாஸ்டரிடம் கேட்கலாம் என்றால் அவர் அந்த வாரம் வேறு கவலையில் இருந்தார். தன்னுடைய கருமாதியில் தான் கலந்துகொள்ளலாமா என்று அப்பா அவரிடம் கேட்டுவிட்டார். பாஸ்டர் ஜெபித்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிறகு போன் செய்தார். உட்காரலாம், படைத்ததைச் சாப்பிடக் கூடாது. தனக்கே படைத்ததைத் தானே சாப்பிடலாமா என்று அப்பா கேட்டதற்கு, அதற்கு வசனம் எதுவும் இல்லை என்று பாஸ்டர் ஒப்புக்கொண்டார். இருந்தாலும் வேண்டாம் என்றார். நான் இதை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அப்படியா என்றாள்.

சாமான் வாங்க லிட்டில் இந்தியாவுக்கு நானும் அப்பாவும் போனோம். படத்துக்கு மாலை வேண்டும் என்று பூக்கடையில் கேட்டேன். யாருக்கு என்று பூக்கார அக்கா கேட்டார். அப்பாவுக்கு என்றேன். எப்போது தவறினார் என்று கேட்டார். இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில் என்றேன். அந்த அக்கா உச்சுக்கொட்டி ரோஜா நாலு கூடுதலாக வைத்துக் கட்டினார். பின்னால் வாழையிலைக் கட்டோடு நின்ற அப்பா, "நல்லா நெருக்கமா கட்டுங்கம்மா" என்றார்.

காரியத்தன்று காலையில் அம்மா தனியாகவே எல்லாம் சமைத்தாள். காரியம் செய்து வைக்கிற பண்டாரத்தைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யார் இறந்தது, எங்கே எரித்தீர்கள் என்று கேட்பார், எதற்கு வீண் பேச்சு என்றாள். ஆட்டுக்கறி, நெத்திலிச் சம்பல், கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய், எல்லாம் பழைய ஆளுக்குப் பிடித்தது. இலையில் பரிமாறுவதற்கு முன்னால் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து டிபன் கேரியரில் போட்டு மூடி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். புக்கிட் மெர்தாஜாம் போகிற வழிக்கு என்று நினைத்தேன்.

மாமா வந்து சேர்ந்ததும் முதல் வேலையாகப் பையைத் தூக்கிக் கீழே நிறுத்தியிருந்த தன் காடியில் வைக்கப் போனார். அம்மா அப்புறம் பார்க்கலாம் என்றாள். அப்பாவின் படம், லைசென்ஸுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது, கூடத்து நாற்காலியில் மாலையோடு இருந்தது. அதற்கு முன்னால் இலை. இலைக்குப் பக்கத்தில் அம்மா தன் கையால் ஒரு ஸ்டவுட் பாட்டிலை வைத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சூடம் காட்டி, வெளியே போங்கள் என்றாள் அம்மா. அப்பா தயங்கினார். செத்தவர் வருகிற நேரத்தில் உயிரோடிருப்பவர் உள்ளே இருந்தால் நன்றாக இருக்காது என்று ஒங்கப்பாகிட்டச் சொல்லு என்றாள். சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் ஃபிளாட் நடைபாதையில் நின்றோம். அங்கே ஏற்கெனவே பாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். படையல் வீட்டுக்குள் அவர் வரக் கூடாது, வராமலும் இருக்க முடியவில்லை. சந்தைக்குப் போய்விட்டு வந்த பக்கத்து வீட்டுச் சீன அம்மா சூட வாசனையைப் பிடித்து, யார் இறந்தது என்று மலாயில் கேட்டார். அப்பா தன்னைத் தொட்டுக் காட்டினார். அந்த அம்மா உடனே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா கதவைத் திறந்தாள். பாஸ்டர் வாசற்படியோடு நின்றுகொண்டார், நாங்கள் உள்ளே போனோம். அம்மா முதலில் பார்த்தது பாட்டிலைத்தான். மூடி திறக்காமல் அப்படியே இருந்தது.

"குடிக்காமப் போயிட்டியா?" என்று படத்தைக் கேட்டாள். "உசுரோட இருக்கறப்ப இந்தப் புத்தி வந்திருக்கலாம்." மாமா சிரிப்பு வந்து இருமினார். அம்மா சிரிக்கவில்லை. படத்துக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். அப்பாவை அவள் 'நீ' என்று சொல்லி நான் கேட்டதேயில்லை. செத்தவரிடம் மரியாதை வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"எங்கப்பாவுக்கு வெச்ச பாட்டில நீதான குடிச்ச?" என்றாள். "எனக்குத் தெரியும். தெரிஞ்சாப் போதுமா? ஒன் வாயால ஒரு தடவ சொல்லுவேன்னு இத்தன வருஷமா பாத்தேன். நீ பாட்டுக்குப் போயிட்ட. இனிமே நான் யாரைக் கேக்கறது?"

அப்புறம் அழுதாள். சாவு வீட்டு அழுகையேதான். பாஸ்டரும் சபையும் சொன்னபடி பார்த்தால் அவள் சொல்வது சரிதான். குடித்தவர் செத்துப்போனார், இருக்கிறவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பதில் சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது. அவள் கேலிக்காக இந்தக் காரியத்தை நடத்தவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அவளைத் தொடக்கூடத் தைரியம் வரவில்லை.

அப்பா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். புது மனிதராக அப்படியே நின்றிருந்தால் யாரும் அவரை ஒன்றும் கேட்டிருக்க முடியாது.

"நாந்தான் குடிச்சேன்" என்றார்.

அம்மாவின் அழுகை நின்றது. திரும்பவில்லை.

"பின்கதவு வழியா வந்தேன். நின்னுக்கிட்டே குடிச்சேன். மாமனாரு படத்துலேருந்து பாத்துக்கிட்டு இருந்தாரு. மச்சான் மேல பழிய போட்டதும் நாந்தான்." வாசலில் நின்ற பாஸ்டரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அந்தாளு செத்துட்டான், அது நெசம். ஆனா குடிச்சது நான்."

மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "பரவால்ல லா மச்சான், பழைய கதை" என்றார். ஆனால் குரல் உடைந்துவிட்டது.

அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தப் பாட்டிலை மாமனாருக்கு வைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்கச் சொன்னார். நான் திருப்பிச் சொல்வதற்குள் அம்மாவின் தலை அசைந்தது. அப்பா குனிந்து பாட்டிலை எடுத்தார். தாத்தாவின் படம் சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. அதன் கீழே ஒரு கிளாஸை வைத்து, மூடியைத் திறந்து ஊற்றினார். வீடு முழுக்க அந்த வாசனை. ஒரு வருஷமாக நான் பயந்த வாசனை. கிளாஸ் நிறைய நுரை எழும்பி அவர் விரலில் வழிந்தது. அவர் கும்பிடவில்லை. கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "மன்னிச்சிருங்க மாமா" என்று மட்டும் சொன்னார். ஈரமான கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார், துடைக்க எதுவும் கிடைக்காமல்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"கையக் கழுவிட்டு வாங்க. டிபன் கேரியர்ல ஒங்களுக்குத் தனியா எடுத்து வெச்சிருக்கேன். படைக்காதது."

மாமா வாசலிலிருந்த நீலப் பையைக் காலால் மெதுவாகச் சுவரோரம் தள்ளினார்.

அப்பா என்னைப் பார்த்தார். பழக்கம். அம்மா சொன்னதை நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அம்மா இன்னொரு தடவை சொன்னாள்.